இரண்டு நாள், நான்கு ஓட்டம்: உலக ஸ்பிரின்ட் ஸ்பீட் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்புக்குத் தயாராவது எப்படி

உலக ஸ்பிரின்ட் சாம்பியன்ஷிப்பில் பனித் தடத்தில் 500 மீட்டர் இரண்டு முறை, 1000 மீட்டர் இரண்டு முறை சறுக்க வேண்டும். முதல் நாள் இரண்டும், மறுநாள் மீண்டும் இரண்டும். நான்கையும் முடித்தவர்களுக்குத்தான் இறுதிப் பட்டியலில் இடம். ஒலிம்பிக்கில் 500 மீட்டருக்குத் தனிப் பதக்கம், 1000 மீட்டருக்குத் தனிப் பதக்கம். இங்கே நான்கையும் கூட்டித்தான் ஒரு பட்டம். அதனால் தயாரிப்பின் கணக்கே வேறு. ஒரு ஓட்டத்தில் மிக வேகமாகப் போய் இன்னொன்றில் தடுமாறுபவரை விட, நான்கிலும் பிசகில்லாமல் சறுக்குபவர்தான் மேலே நிற்பார்.

1970-இல் அமெரிக்காவின் வெஸ்ட் ஆலிஸில் தொடங்கிய போட்டி இது. சோவியத் யூனியனுக்காகவும் பின்னர் பெலாரஸுக்காகவும் சறுக்கிய இகோர் ஷெலெஸோவ்ஸ்கி ஆறு முறையும், கிழக்கு ஜெர்மனியின் காரின் என்கே ஆறு முறையும் வென்றிருக்கிறார்கள். அமெரிக்காவின் எரிக் ஹைடன் 1977 முதல் 1980 வரை தொடர்ந்து நான்கு முறை வென்றார். இப்படி ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவது தற்செயல் அல்ல. 500, 1000 இரண்டிலும் பலவீனம் இல்லாதவர் அபூர்வம். அப்படி ஒருவர் வந்துவிட்டால் இந்தக் கூட்டல் முறையில் அவரை அசைப்பது கடினம்.

புள்ளிக் கணக்கு

முதலில் இதைப் பழகிக்கொள்ளுங்கள். போட்டி நடுவே ஏற்படும் பாதிக் குழப்பம் இதைத் தெரியாததால் வருவது. 500 மீட்டர் நேரம், விநாடிக் கணக்கில், அப்படியே புள்ளி. 1000 மீட்டர் நேரத்தை விநாடியாக்கி இரண்டால் வகுத்தால் அதன் புள்ளி. மூன்று தசம இடம் வரை எழுதுவார்கள். குறைந்த மொத்தம் வெல்லும்.

இரண்டு வீரர்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 500-இல் வலுவானவர், மற்றவர் 1000-இல். முதல் நாள் முதலாமவருக்கு 34.60 விநாடியும் 1 நிமிடம் 08.40 விநாடியும். அதாவது 34.600 + 34.200 = 68.800. இரண்டாமவருக்கு 34.95-உம் 1:07.66-உம். 34.950 + 33.830 = 68.780. இரண்டாமவர் 0.020 புள்ளி முன்னால். மறுநாள் 500-இல் முதலாமவர் 34.52, இரண்டாமவர் 34.88. இப்போது 103.320-க்கு 103.660. இரண்டாமவர் 0.340 புள்ளி பின்னால். கடைசி 1000-இல் அவர் எத்தனை விநாடியில் முந்த வேண்டும்? புள்ளியை இரண்டால் பெருக்குங்கள்: 0.68 விநாடி. பட்டம் வேண்டுமென்றால் அதைவிட ஒரு நூறில் ஒரு பங்காவது கூடுதலாக முந்த வேண்டும்.

இந்த ‘இரண்டால் பெருக்கு’ கணக்கைத் தடத்தின் ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளர் மனதிலேயே போடத் தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் 1000-க்கு முன் வீரரிடம் சொல்ல வேண்டியது புள்ளி அல்ல, விநாடி. புள்ளியைச் சொன்னால் களைத்த தலைக்கு அது எட்டாது.

வெவ்வேறு அரங்குகளின் நேரங்களை ஒப்பிட்டு நம்பிக்கையை வளர்க்கவோ குலைக்கவோ வேண்டாம். சால்ட் லேக் சிட்டி அரங்கு கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலே, கால்கரி 1,000 மீட்டருக்கும் மேலே. காற்று மெலிந்திருப்பதால் அங்கே நேரம் தானே குறையும். ரஷ்யாவின் பாவெல் குலிஷ்னிகோவ் 2019-இல் 33.61 விநாடியில் 500 மீட்டரைக் கடந்தது சால்ட் லேக்கில். தென் கொரியாவின் லீ சாங்-ஹ்வா 2013-இல் 36.36 எடுத்ததும் அங்கேதான். நெதர்லாந்தின் ஹீரன்வீனோ நார்வேயின் ஹாமரோ தாழ்வான இடங்கள். அங்கே உங்கள் நேரம் கூடினால் உடல் தளர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அன்று அதே பனியில் சறுக்கிய மற்றவர்களின் நேரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

பிளேடு

போட்டி வாரத்தில் பிளேடின் வடிவத்தைத் தொடாதீர்கள். ஸ்பிரின்ட் பிளேடின் அடி, முன்னிருந்து பின்வரை மிக லேசாக வளைந்திருக்கும். பலர் 21 முதல் 23 மீட்டர் ஆரம் வைத்துக்கொள்கிறார்கள். ஆரம் குறைந்தால் வளைவில் திரும்புவது எளிது, நேர்ப்பாதையில் நிலைத்துச் சறுக்குவது சிரமம். அது போக, பிளேடு இடப்பக்கமாகவும் சற்று வளைக்கப்பட்டிருக்கும், ஏனென்றால் தடத்தின் எல்லா வளைவும் இடப்பக்கம்தான்.

பிளேடு அடியின் முன்பின் வளைவு எவ்வளவு நுண்ணியது என்பதை ஒரு கணக்கு காட்டும். 100 மில்லிமீட்டர் இடைவெளியில் அளக்கும் கருவியை வைத்தால், 22 மீட்டர் ஆரத்துக்கு நடுவில் சுமார் 0.057 மி.மீ. உயரம் வரும். 25 மீட்டருக்கு 0.050. வித்தியாசம் 0.007 மி.மீ. மட்டும். சொரசொரப்பான கல்லை ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் இதைக் கெடுக்க நெடுநேரம் ஆகாது. பெரிய வேலை எதுவானாலும் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே முடித்து, அதன்மேல் பயிற்சி செய்து பழகியிருக்க வேண்டும்.

போட்டி நாள்களில் செய்ய வேண்டியது லேசான தீட்டல் மட்டும். இரண்டு ஸ்கேட்டையும் ஜிக்கில், அதாவது அவற்றை அசையாமல் பிடிக்கும் சட்டத்தில், தலைகீழாகப் பூட்டுங்கள். இரண்டு பிளேடும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று கல்லைக் குறுக்கே வைத்துப் பாருங்கள், ஆடக்கூடாது. பிறகு மார்க்கர் மையால் பிளேடின் அடிப்பரப்பு முழுவதையும் கறுப்பாக்கிவிட்டு நுண்கல்லால் மூன்று நான்கு முறை இழுங்கள். மை எல்லா இடத்திலும் சமமாகப் போனால் பூட்டு சரி. ஒரு ஓரத்தில் மட்டும் மை மிச்சமிருந்தால் பிளேடு சாய்ந்திருக்கிறது. அப்படியே தீட்டினால் ஒரு விளிம்பு உயர்ந்து மறு விளிம்பு தாழும். பாதை நடுவே ஒரு கால் மட்டும் ‘பிடிக்கவில்லை’ என்று வீரர் புகார் சொல்வது பெரும்பாலும் இதனால்தான்.

பூட்டு சரியென்றால் லேசாக எண்ணெய் விட்டு, கல்லைச் சற்றுக் குறுக்காகப் பிடித்து, முனை முதல் குதி வரை முழு நீளத்துக்கு இழுங்கள். கல்லின் எடையே போதும். நடுவில் நிறுத்தித் திரும்பாதீர்கள். விளிம்பின் வெளிப்பக்கத்தில் நகத்தை வைத்துக் கீழிருந்து மேலாக நகர்த்தினால் மெல்லிய பிசிறு தட்டும். இரண்டு பக்கமும் முழு நீளத்துக்கும் பிசிறு வந்தால் அடி தீட்டப்பட்டுவிட்டது. இனி பிசிறை எடுக்க வேண்டும். சின்னப் பிசிறுக்கல்லைப் பிளேடின் பக்கத்தில் தட்டையாகப் படியவைத்து ஒரே இழுப்பு. கல் கொஞ்சம் சாய்ந்தாலும் விளிம்பு மழுங்கும், அதுவரை செய்த வேலை வீண். அடியில் மறுபடி நுண்கல், பக்கத்தில் மறுபடி பிசிறுக்கல் என்று இரண்டு சுற்று, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போங்கள். நகத்தை விளிம்பின் குறுக்கே மெதுவாக இழுத்தால் வெள்ளைத் தூள் சீவி வர வேண்டும், பிளேடின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி.

அடியைக் குழியாகத் தீட்டுவது ஐஸ் ஹாக்கி வழக்கம். இங்கே அடி தட்டையாக, இரண்டு விளிம்பும் செங்கோணமாக இருக்க வேண்டும்.

குதிப்பக்கம் பிளேடு காலணியிலிருந்து பிரிந்து திறக்கும் கிளாப் ஸ்கேட்டின் கீலையும் சுருளையும் அதே நேரத்தில் பாருங்கள். குதியைக் கையால் திறந்து விட்டால் ‘டப்’பென்று மூட வேண்டும். சுருள் தளர்ந்து மெதுவாக மூடினால், தொடக்கத்தின் வேகமான அடிகளில் பிளேடு மூடுமுன்பே அடுத்த கால் வைக்க நேரும். முனை பனியில் குத்தும். கீல் திருகுகளையும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் முறுக்கிப் பாருங்கள்.

தொடக்கம்

ஆண்களின் உயர்மட்டப் போட்டியில் முதல் 100 மீட்டர் 9.5 முதல் 9.8 விநாடிக்குள், பெண்களில் 10.2 முதல் 10.6-க்குள் அமையும். இங்கே இழக்கும் ஒரு பத்தில் ஒரு விநாடி முழுசாகப் புள்ளியில் ஏறும்.

முன்காலின் முனையைக் கோட்டுக்குப் பின்னால் பனியில் குத்தி நிறுத்துங்கள். பின்காலின் உள்விளிம்பைக் கோட்டுக்குக் கிட்டத்தட்ட இணையாக வைத்து, அழுத்தி, ஒரு சிறு பள்ளம் செய்துகொள்ளுங்கள். பின்காலின் தள்ளல்தான் முதல் அசைவு. அது வழுக்கினால் எல்லாம் போயிற்று. ‘ரெடி’ என்றதும் ஒரே அசைவில் இறங்கி, உறைந்து நில்லுங்கள். துப்பாக்கி ஒன்று ஒன்றரை விநாடியில் ஒலிக்கும். அதுவரை தோளோ கையோ அசைந்தாலும் தவறான தொடக்கம். இருவர் இருவராகத்தான் சறுக்குவார்கள். ஒரு ஜோடிக்கு ஒரே ஒரு தவறு அனுமதி. இரண்டாவது தவறை யார் செய்தாலும், முதல் தவறு யாருடையதாக இருந்தாலும், செய்தவர் வெளியே. அதனால் உங்கள் இணை ஒருமுறை முந்திவிட்டால் அந்தச் சுமை உங்கள் தலையிலும் இருக்கிறது. இரண்டாம் முறை சத்தத்தைக் கேட்டே கிளம்புங்கள். யூகித்துக் கிளம்பி மிச்சப்படுத்தும் நூறில் சில பங்குக்காக நான்கு ஓட்டத்தையும் பணயம் வைக்கலாகாது.

முதல் ஆறு எட்டு அடிகள் சறுக்கல் அல்ல, ஓட்டம். கால்விரல்கள் வெளிப்பக்கம் திரும்பியிருக்க, முனையில் குட்டையான அடிகள். அடிகள் படிப்படியாக நீண்டு, 30 முதல் 50 மீட்டருக்குள் சறுக்கலாக மாற வேண்டும். இங்கே நடக்கும் பிழைகள் மூன்று வகை. முதல் அடியை நீளமாக வைத்தால் இடுப்பு பின்தங்கும். அவசரத்தில் நிமிர்ந்தால் தள்ளல் பின்பக்கம் போகாமல் மேலே போகும். குதிகள் நெருங்கினால் ஒரு பிளேடு மற்றொன்றில் சிக்கும். கனடாவின் ஜெரமி வோதர்ஸ்பூன் நான்கு முறை உலக ஸ்பிரின்ட் பட்டம் வென்றவர். அவரே 2002 ஒலிம்பிக்கின் முதல் 500-இல் தொடங்கிய சில அடிகளில் விழுந்தார். இது யாருக்கும் நடக்கலாம், அதனால்தான் தொடக்கத்தைக் களைத்த கால்களோடும் பயிற்சி செய்ய வேண்டும். மறுநாள் 500-க்கு வரும் கால்கள் அப்படித்தான் இருக்கும்.

500-இல் தடமும் கடைசி வளைவும்

உள் தடத்தில் தொடங்குபவர் வெள்ளைக் கைப்பட்டை, வெளித் தடத்தில் தொடங்குபவர் சிவப்பு. முதல் நாள் உள்ளே தொடங்கியவர் மறுநாள் வெளியே தொடங்குவார். உள்ளே இருப்பவர் வெளியேயும் வெளியே இருப்பவர் உள்ளேயும் மாறுவதுதான் தடமாற்றம். 500-இல் அது ஒரே ஒரு முறை, முடிவுக்கோட்டுக்கு எதிர்ப்பக்க நேர்ப்பாதையில். ஆகவே வெளியே தொடங்கியவருக்குக் கடைசி வளைவு உள் தடம். சிக்கல் அங்கேதான்.

அந்த இடத்தில் வேகம் விநாடிக்குச் சுமார் 15.5 மீட்டர், மணிக்கு 56 கிலோமீட்டர் என்று வையுங்கள். உள் வளைவில் வீரர் சறுக்கும் கோட்டின் ஆரம் 26 மீட்டர் அளவு. இழுப்பு கிட்டத்தட்ட உடல் எடைக்குச் சமம், உடல் நிமிர்நிலையிலிருந்து 43 பாகை சாய வேண்டும். வெளித் தடத்தில் ஆரம் 30 மீட்டர் அளவு, சாய்வு 39 பாகை போதும். இந்த நான்கு பாகை சின்ன வித்தியாசம் போலத் தெரியும். ஒற்றைக் காலில், ஒரு மில்லிமீட்டர் சொச்சத் தடிமனுள்ள விளிம்பில், 30 விநாடி முழு முயற்சிக்குப் பிறகு அது சின்னது அல்ல. ஒலிம்பிக்கில் 1998 முதல் 2014 வரை 500 மீட்டரை இரண்டு முறை ஓடவைத்ததும் இந்தத் தட வேறுபாட்டைச் சமப்படுத்தவே.

கடைசி உள் வளைவுக்குள் நுழையும்போது உங்கள் தடத்தின் வெளி ஓரத்திலிருந்து நுழையுங்கள். உட்கோட்டை வளைவின் பாதியைத் தாண்டிய பிறகு தொடுங்கள். தொடக்கத்திலேயே உட்கோட்டை ஒட்டினால் வெளியேறும்போது வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும், பக்கத்துத் தடத்தில் ஆளும் இருப்பார். உட்கோட்டைத் தாண்டி உள்ளே மிதித்தால் தகுதிநீக்கம். குறியாக வைத்த ரப்பர்க் கட்டை பிளேடின் கீழ் வந்தால் விழுவீர்கள்.

வளைவில் இரண்டு காலின் தள்ளலும் வலப்பக்கம் போக வேண்டும். வலக்கால் உள்விளிம்பில், இடக்கால் வெளிவிளிம்பில். களைப்பு வந்ததும் முதலில் தளர்வது இடக்காலின் தள்ளல். வலக்காலை மேலே தூக்கி வைப்பது மட்டும் மிஞ்சும், வேகம் கசியும். பயிற்சியாளர் கத்த வேண்டிய ஒரே சொல் ‘இடது’. சாய்வு முழு உடம்பிலும் இருக்கட்டும். இடுப்பை மட்டும் உள்ளே தள்ளித் தோளை நிமிர்த்தினால் பிளேடு வழுக்கும்.

கடைசியாக, முடிவுக்கோட்டை எட்டுவது பிளேடின் முனை. மார்பு அல்ல. கடைசித் தள்ளலை முடித்து ஒரு காலை முன்னால் நீட்டுங்கள். ஒரு மீட்டர் முன்பே நீட்டினால் வேகம் போகும், அதைத் தனியாகப் பழக வேண்டும்.

1000 மீட்டர்

இது எதிர்ப்பக்க நேர்ப்பாதையின் நடுவிலிருந்து தொடங்குகிறது. முதல் 200 மீட்டர், பிறகு இரண்டு முழுச் சுற்று. ஐந்து வளைவு, இரண்டு தடமாற்றம். உயர்மட்ட ஆண்களில் நன்கு பகிர்ந்த ஓட்டம் 16.4, 24.5, 26.1 போல இருக்கும், கூட்டினால் 1:07.0. இரண்டு சுற்றுகளுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். இரண்டு விநாடிக்குள் இருந்தால் பகிர்வு நல்லது. இரண்டரையைத் தாண்டினால் முதல் சுற்றிலேயே கையிருப்பைச் செலவழித்துவிட்டீர்கள். நிதானமாகத் தொடங்கிக் கடைசியில் எட்டிப்பிடிக்கலாம் என்பதும் பலிக்காது. ஆயிரத்தில் வேகத்தை ஏற்றும் செலவு தொடக்கத்தில்தான் குறைவு. முதல் 200-ஐ இரண்டு கையும் வீசி முழுமையாக எடுங்கள், முதல் சுற்றில் நேர்ப்பாதைகளில் அடிகளைக் கொஞ்சம் நீட்டி மூச்சைச் சீராக்குங்கள், கடைசிச் சுற்றுக்கான மணி அடித்ததும் மீண்டும் இரண்டு கை.

தடமாற்றத்தில் உள்ளிருந்து வெளியே போகிறவர் வழிவிட வேண்டும். மோதினால் பொறுப்பும் அவருடையதே, வெளியிலிருந்து வருபவர் வேண்டுமென்று மறித்தாலொழிய. வெள்ளைப் பட்டைக்காரர் முதல் மாற்றத்தில் வழிவிடுபவர், இரண்டாவதில் வழி பெறுபவர். சிவப்புக்கு இது தலைகீழ், கால்கள் கனத்த இரண்டாவது மாற்றத்தில் அவர் வழிவிட வேண்டும். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் 1000-இல் நெதர்லாந்தின் கை வெர்பை உள்ளிருந்து வெளியே வரும்போது இடம் போதாது என்று கண்டு நிமிர்ந்து, கனடாவின் லோரான் துப்ரேயிக்கு வழிவிட்டார். துப்ரேய் வெள்ளி வென்றார். வெர்பையின் ஓட்டம் அங்கேயே முடிந்தது, ஆனால் செய்தது சரியான காரியம். வளைவிலிருந்து வெளிவரும் கணத்திலேயே இணையைப் பாருங்கள். சமமாக வந்தால் முன்னால் பாயலாமா, பின்னால் போகலாமா என்று இரண்டு அடிக்குள் முடிவு செய்யுங்கள். பின்னால் போவதென்றால் அவருடைய காற்று மறைவில் சில மீட்டர் கிடைக்கும், அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு ஓட்டத்துக்கு நடுவே, இரண்டு நாளுக்கு நடுவே

500 முடிந்ததும் உட்கார்ந்துவிடாதீர்கள். நின்றிருக்கும் சைக்கிளில் 15 முதல் 20 நிமிடம், பேச முடிகிற அளவு லேசாக மிதியுங்கள். தசையில் சேர்ந்த லாக்டேட் அப்படித்தான் சீக்கிரம் குறையும். உலர்ந்த உடை, கொஞ்சம் எளிதில் செரிக்கும் மாவுச்சத்து, தண்ணீர். 1000-க்கு முன் மறுபடி சூடேற்றும்போது முழு அளவு வேண்டாம், இரண்டு மூன்று குறுகிய வேக முயற்சி போதும். பிளேடில் பிசிறு மட்டும் பாருங்கள்.

முதல் நாள் முடிந்ததும் பிளேடைத் துடைத்து உலரவிட்டுத் துணி உறை போடுங்கள், நடக்கும்போது போடும் கடின உறைக்குள் ஈரத்தோடு விட்டால் விளிம்பில் துரு பிடிக்கும். ஓட்டத்தின் வீடியோவில் ஒரு விஷயத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். மறுநாள் தடம் மாறுகிறது, ஆகவே கடைசி வளைவும் மாறுகிறது. இரவில் யோசிக்க அது போதும்.

முதல் நாள் விழுந்திருந்தாலும், தகுதிநீக்கம் இல்லையென்றால், எழுந்து முடிவுக்கோட்டைக் கடந்துவிடுங்கள். பட்டம் போயிருக்கலாம், ஆனால் பட்டியலில் பெயர் இருக்கும், அடுத்த ஓட்டமும் உங்களுடையது.

மறுநாள் 1000-க்கான ஜோடிகள் மூன்று ஓட்டங்களின் புள்ளி வரிசைப்படி அமையும், முன்னணியில் இருப்பவர்கள் கடைசியில் வருவார்கள். போட்டியாளர் பக்கத்திலேயே இருக்கலாம், அல்லது முந்தைய ஜோடியில் சறுக்கி நேரத்தைப் பதித்துவிட்டிருக்கலாம். முந்தைய ஜோடி என்றால் கணக்கு எளிது: புள்ளி இடைவெளியை இரண்டால் பெருக்கி, அவர் நேரத்தோடு கூட்டியோ கழித்தோ, வர வேண்டிய நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். அதிலிருந்து முதல் சுற்று எத்தனை விநாடியில் வர வேண்டும் என்று பிரித்து, அந்த ஒரே எண்ணைப் பலகையில் பெரிதாக எழுதுங்கள். பக்கத்துத் தடத்திலேயே அவர் இருந்தால் பலகையில் இடைவெளியை மட்டும் காட்டுங்கள், 600 மீட்டரில் ஒருமுறை. அதற்குப் பிறகு காட்டினாலும் வீரர் பார்க்க மாட்டார்.